வித்தவுட் மீமாம்சை: பேசின் பிரிட்ஜுக்கு வடக்கும் மேற்கும்

திருவள்ளூர் மாவட்டத்தின் ரயில் வரைபடத்தை விரித்து வைக்கும் ஆய்வாளர் முதலில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கும்மிடிப்பூண்டிக்காரர் தம் மாவட்டத் தலைநகருக்கு ரயிலில் போக வேண்டுமானால் சென்னைக்குள் வந்து, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வண்டி மாறித்தான் போக வேண்டும். பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் வழியாக வரும் வடக்குத் தடமும், ஆவடி, திருநின்றவூர், புட்லூர் வழியாகப் போகும் மேற்குத் தடமும் லோக்கல் பயணிக்குச் சேருகிற இடம் அது. கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் புறப்பட்டவருக்கு இரண்டு தடத்திலும் செக்கிங்கில் மாட்டும் வாய்ப்பு கிடைக்கிறது. நம் ஆய்வுக்கு இதைவிடத் தோதான மாவட்டம் தமிழ்நாட்டில் இல்லை.

ஆய்வுப் பொருள் டிக்கெட் எடுக்காமல் போவது அன்று. அந்தத் துறையில் நம் மக்களுக்கு ஆய்வாளர் துணை எப்போதும் தேவைப்பட்டதில்லை. பிடிபட்ட பிறகு டி.டி.ஆர். முன்னால் நின்றுகொண்டு, தான் ஏன் ஃபைன் கட்டக் கூடாது என்பதற்குப் பயணி வைக்கும் வாதங்களே இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. வாதி உண்டு, பிரதிவாதி உண்டு, சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் சபை உண்டு. நடுவர் மட்டும் தனியாக இல்லை. டி.டி.ஆர்.தான் பிரதிவாதி, அவர்தான் நடுவர், ரசீதும் அவர் கையில்தான் இருக்கிறது.

வாத வகைகளுக்குப் போகுமுன் களத்தைச் சொல்லிவிட வேண்டும். வண்டி நின்றதும் கூட்டம் மேம்பாலப் படிக்கட்டை நோக்கி நகரும். படி தொடங்குகிற குறுகலான இடத்தில் இரண்டு பேர் நிற்பார்கள். பத்தடி தூரத்தில் அவர்களைக் கண்டவுடன் கூட்டத்தில் சிலருக்குத் திடீரெனத் தாகம் எடுக்கும். தண்ணீர்க் குழாயைத் தேடித் திரும்பி நடப்பார்கள். சிலருக்கு மணி அடிக்காமலே போன் வரும். ஒருவர் ஷூ லேஸ் கட்டக் குனிவார், காலில் இருப்பது ரப்பர் செருப்பு. டிக்கெட் வைத்திருப்பவர்களும் இயல்பாக இருப்பதில்லை. ஐந்து ரூபாய்த் துண்டுச்சீட்டை இரண்டு விரலில் பிடித்துக் கற்பூரத் தட்டை நீட்டுவதைப் போல முன்னால் நீட்டிக்கொண்டு வருவார்கள். சீசன்காரர் இதற்கெல்லாம் அப்பாற்பட்டவர். அவர் எதையும் எடுக்க மாட்டார். “சீசன்” என்று ஒரே சொல்லைக் காற்றில் விட்டுவிட்டு நடையைக் குறைக்காமல் போய்விடுவார். சீசனே எடுக்காதவர்களுக்கும் அந்தச் சொல் பல காலம் உழைத்திருக்கிறது. அதைவிடப் பலம் வாய்ந்த மந்திரம் “ஸ்டாஃப்”. எந்த ஆபீஸ் ஸ்டாஃப் என்று டி.டி.ஆர். கேட்பதற்குள் மந்திரம் சொன்னவர் நடுப்பாலத்தில் இருப்பார்.

இனி வரலாறு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடுக்குப் போனது. அந்தப் பாதை திருவள்ளூர் வழியாகத்தான் போகிறது. எனவே தென்னாட்டில் டிக்கெட் பற்றிய தகராறு சட்டப்படி சாத்தியமான முதல் ஊர்களில் திருவள்ளூரும் ஒன்று என்று துணிந்து கூறலாம். வடக்குத் தடத்துக்கு இந்தப் பெருமை இல்லை. கும்மிடிப்பூண்டிக்குச் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகுதான் அது தன் பங்கைச் சேர்க்கத் தொடங்கியது. ரயில்வே சட்டம் 1890இல் வந்தது: மோசடியாகப் பயணம் செய்பவருக்கு 112ஆம் பிரிவு, சீட்டு மட்டும் இல்லாதவருக்கு 113ஆம் பிரிவு. 1989இல் புதுச் சட்டம் வந்தபோது அவை முறையே 137, 138 ஆயின. தொண்ணூற்றொன்பது ஆண்டுகளில் இரண்டு பிரிவுகளும் தலைக்கு 25 எண் உயர்ந்திருக்கின்றன. விலைவாசியோடு ஒப்பிட்டால் மிதமான ஏற்றம்தான்.

இந்த இரு பிரிவுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் நம் ஆய்வின் முதுகெலும்பு. 137, ஏமாற்றும் எண்ணத்தோடு பயணம் செய்தவருக்கு. அதற்கு மாஜிஸ்திரேட் வேண்டும், எண்ணத்தை நிரூபிக்க வேண்டும். ஆறு மாதம் வரை சிறைக்கும் அதில் இடமுண்டு. 138, எண்ணம் எதையும் கேட்பதில்லை. முறையான சீட்டு கையில் இல்லை, அல்லது கேட்டபோது காட்டவில்லை, அவ்வளவுதான். போன தூரத்துக்கான கட்டணமும், அதோடு அதற்குச் சமமான தொகை அல்லது 250 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அதுவும் கட்ட வேண்டும். லோக்கலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய் என்பதால் நம் தடங்களில் கணக்கு 255இல் தொடங்குகிறது.

மேம்பாலப் படியடியில் நடப்பது அநேகமாக எல்லாம் 138. ஆனால் அங்கே வைக்கப்படும் வாதங்கள் எல்லாம் 137க்கு உரியவை. “நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல சார்”, “தெனமும் எடுக்கிறவன் சார்”, “அஞ்சு ரூபாவுக்கா சார் ஏமாத்துவேன், மூஞ்சியப் பாருங்க”. பயணி முழுக்க முழுக்கத் தன் மனசைப் பற்றிப் பேசுகிறார். பிரிவு கேட்பதோ அவர் கையைப் பற்றி. ஒருவர் நல்லவர் என்பதை நிரூபிக்க இவ்வளவு பேச்சுத் திறனும், அதைக் கேட்டே ஆகவேண்டிய அவசியமே இல்லாத ஒரு பிரிவும் ஒரே படிக்கட்டின் கீழ் சந்தித்துக்கொள்வதுதான் நம் தடங்களின் அன்றாட நாடகம். இது புரியாததால்தான் டி.டி.ஆர். கல்நெஞ்சக்காரர் என்று பெயர் வாங்குகிறார். அவர் மறுக்கவில்லையே. நீங்கள் நல்லவர்தான், 255 கொடுங்கள் என்கிறார்.

வாதங்களுள் தலையாயது வரிசை வாதம். சாயங்காலம் ஷிப்ட் விடுகிற நேரம், கும்மிடிப்பூண்டி கவுண்டரில் வால் தெரியாத வரிசை. தானியங்கி இயந்திரத்தின் முன்னால் ஸ்மார்ட் கார்டு இல்லாதவர் ஒருவர் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிளாட்பாரத்தில் வண்டி நிற்கிறது, ஹாரனும் அடித்தாயிற்று. சட்டம் இதை நினைத்துப் பார்க்கவில்லை என்று பயணிகள் சொல்வது தவறு. சட்டம் நினைத்துப் பார்த்திருக்கிறது, அழகாகவே பார்த்திருக்கிறது. 55ஆம் பிரிவின்படி, அதற்கு அதிகாரம் பெற்ற ரயில்வே ஊழியரிடம் அனுமதி வாங்கி, பிறகு பணம் கட்டுவதாகச் சொல்லி, சான்றிதழ் ஒன்றைப் பெற்றுக்கொண்டு சீட்டில்லாமல் ஏறலாம். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் 138இன் கூடுதல் தொகை கிடையாது. வண்டி கிளம்பப் போகிற நேரத்தில் நாடக்கூடியவர் கார்டு. 2022 முதல் அவருக்குப் பதவிப் பெயர் ரயில் மேலாளர். நம் பக்கத்தில் யாருக்கும் அது தெரியாது.

இப்போது இதன் நடைமுறையை ஆராய்வோம். கார்டு இருப்பது வண்டியின் கடைசிப் பெட்டியின் கடைக்கோடியில். பன்னிரண்டு பெட்டி வண்டி ஏறக்குறைய கால் கிலோமீட்டர் நீளம். இடை ஸ்டேஷனில் வண்டி நிற்பது அரை நிமிடம் இருந்தால் அதிகம். நந்தியம்பாக்கத்தில் படியிறங்கி வந்த பயணி பின்பக்கம் ஓடி, கார்டைக் கண்டு, 55ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவை எடுத்துரைத்து, அவர் அதை ஏற்று, பேனாவைத் திறந்து, சான்றிதழ் எழுதிக் கொடுத்து, பயணி மீண்டும் ஏறுவதற்குள் வண்டி மீஞ்சூரில் இருக்கும். கார்டும் அதில் இருப்பார். எனவே இந்தச் சான்றிதழை யாரும் பெற்றதாக நம் கள ஆய்வில் தென்படவில்லை. இது சட்டத்தின் குறையன்று. பயணியின் ஓட்டத்தின் குறை.

அடுத்தது ஏறிய இடம் பற்றிய வாதம். “இப்பத்தான் சார் ஏறுனேன், பக்கத்து ஸ்டேஷன்.” இதில் 138 காட்டும் நுட்பம் நையாண்டிக் கவிராயர்களுக்கும் வராது. எங்கே ஏறினார் என்பதில் ஐயம் இருந்தால், வண்டி எங்கே புறப்பட்டதோ அங்கிருந்தே அவர் வருவதாகக் கொள்ள வேண்டும். வழியில் செக்கிங் நடந்திருந்தால் கடைசியாகச் செக்கிங் நடந்த இடத்திலிருந்து. சூலூர்பேட்டையிலிருந்து வரும் வண்டியில் கவரைப்பேட்டையில் ஏறி மீஞ்சூரில் மாட்டிக்கொண்டவர், தம் கூற்றை நிரூபிக்க முடியாவிட்டால், சட்டப்படி ஆந்திராவிலிருந்து வந்தவர். வாழ்நாளில் ஆரம்பாக்கத்தைத் தாண்டாதவரையும் மாநில எல்லையைக் கடக்க வைக்கும் பிரிவு இது. கட்டண வித்தியாசம் சில ரூபாய்தான். மனசுக்குத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்.

செயலி வாதம் இக்காலத்தது. போனில் எடுக்கும் காகிதமில்லா டிக்கெட் பத்தாண்டுகளாகச் சென்னையில் புழக்கத்தில் இருக்கிறது. ஸ்டேஷனுக்குள் வந்துவிட்டால் செயலி வழக்கமான முறையில் டிக்கெட் தராது. வெளியே நின்று எடுக்க வேண்டும், அல்லது ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்ய வேண்டும். டி.டி.ஆரைப் பார்த்த பிறகு டிக்கெட் எடுக்கும் பண்டைய கலையை ஒழிப்பதற்காகவே இந்த ஏற்பாடு. பயணி பிளாட்பாரத்தில் நிற்கிறார் என்று வானத்திலிருந்து செயற்கைக்கோள் சாட்சி சொல்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவுக்கு இறங்க வேண்டிய சூலூர்பேட்டை இதே தடத்தில் இருப்பதால், ராக்கெட் விடுகிற பாதையிலேயே வித்தவுட்டைப் பிடிக்கவும் விண்வெளி பயன்படுகிறது என்று பெருமைப்படலாம். ஸ்கிரீன்ஷாட் செல்லாது. போன் அணைந்துபோனால் டிக்கெட் இல்லை என்றே பொருள். “சார்ஜ் போச்சு சார், பவர் பேங்க் இருந்தா குடுங்க, இப்பவே காட்டுறேன்” என்று டி.டி.ஆரிடமே கேட்டவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். தருக்கத்தில் பிழையில்லை. ஆதாரம் இருக்கிறது, அதற்கு உயிர் மட்டும்தான் இல்லை.

எக்ஸ்பிரஸ் வாதம் மேற்குத் தடத்துக்கே உரியது. சென்ட்ரலில் லோக்கலைத் தவறவிட்டவர், திருவள்ளூரில் நிற்கிற எக்ஸ்பிரஸில் அதே லோக்கல் டிக்கெட்டோடு ஏறிவிடுகிறார். “அதே தண்டவாளம்தானே சார், அதே ஊருதானே?” லோக்கலுக்கென்று தனித் தடம் போட்டிருப்பதால் இந்த வாதம் சட்டத்தில் மட்டுமல்ல, பொறியியலிலும் தோற்கிறது.

வடக்குத் தடத்தின் சிறப்பு மொழி வாதம். சிப்காட்டுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஏறுகிற தடம். டி.டி.ஆரும் வேற்று மாநிலத்துக்காரராக இருக்கலாம். இருவரும் முதலில் ஆளுக்கொரு இந்தியில் பேசிப் பார்ப்பார்கள், அது ஒத்துவராது. கடைசியில், “அண்ணா, டிக்கெட் எடுக்கல அண்ணா, வரிசை பெருசு” என்று தமிழில்தான் வழக்கு நடக்கும். தமிழ் இணைப்பு மொழியாக முழு வெற்றி பெற்ற இடங்களில் கும்மிடிப்பூண்டியின் செக்கிங் முனையையும் சேர்க்க வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் சட்டம் தனிக் கவனம் காட்டுகிறது. பணம் கட்டாதவரை வண்டியிலிருந்து இறக்கிவிட 139ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. ஆனால் ஆண் துணையின்றி வரும் பெண்ணையோ குழந்தையையோ நினைத்த இடத்தில் இறக்கக் கூடாது. அவர் ஏறிய ஸ்டேஷனிலோ, ஜங்ஷனிலோ, முனையத்திலோ, மாவட்டத் தலைநகரிலோதான் இறக்கலாம், அதுவும் பகலில். இதை நம் தடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புட்லூரில் பூங்காவனத்தம்மன் நிறைமாதக் கர்ப்பிணியாகப் புற்றுருவில் படுத்திருக்கிறாள். அவளைத் தேடி வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் கூட்டமாகப் போகிறார்கள். சென்ட்ரலில் ஏறிய பெண்ணை அங்கே இறக்கிவிட டி.டி.ஆருக்கு அதிகாரமில்லை, அடுத்த ஸ்டேஷன் திருவள்ளூரில் இறக்கலாம், அது மாவட்டத் தலைநகர். செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்து திருவள்ளூர் மாவட்டம் உருவானது 1997இல்தான். அதற்கு முன் திருவள்ளூருக்கும் இந்தத் தகுதி கிடையாது. மாவட்டப் பிரிவினையால் மக்களுக்கு விளைந்த நன்மைகளைப் பட்டியலிட்டவர்கள் இதை விட்டுவிட்டார்கள். (பஸ்ஸில் இந்தச் சிக்கலே இல்லை. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, ஆனாலும் கண்டக்டர் பூஜ்யம் போட்ட டிக்கெட்டைக் கிழித்துத் தருகிறார். காசு வாங்காவிட்டாலும் காகிதம் கொடுத்தாக வேண்டும் என்பதில் நம் போக்குவரத்துத் தத்துவம் உறுதியானது.)

கணிதப் பார்வையும் வேண்டும். 5 ரூபாய் டிக்கெட்டுக்கு 255 ஃபைன் என்றால், ஐம்பத்தொரு பயணத்துக்கு ஒருமுறை மாட்டினால் கட்டியதும் மிச்சம் பிடித்ததும் சரியாகிவிடும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டவரைவிட மனசில் போட்டவர்கள் அதிகம். சுவீடனில் இதை அமைப்பாகவே நடத்தினார்கள்: 2001இல் தொடங்கிய ஒரு குழு, மாதச் சந்தா வாங்கிக்கொண்டு உறுப்பினர் மாட்டும்போது ஃபைனைக் கட்டிவிடும். நம்மூர்ச் சீட்டுக் கம்பெனிக்காரர்களுக்கு இது தோன்றாமல் போனது வியப்பு. லக்சம்பர்க் இன்னொரு வழி கண்டது. 2020இல் நாடு முழுக்கப் பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கி, வாதத்தையே ஒழித்துவிட்டது. முதல் வகுப்புக்கு மட்டும் டிக்கெட் உண்டு என்பதால் கலை முற்றிலும் அழிந்துவிடவில்லை.

இனி மேல்முறையீடு. இங்கிலாந்தில் அபராதச் சீட்டு வாங்கியவர் 21 நாளுக்குள் முறையிடலாம், தோற்றால் அடுத்த படி, அதற்கும் மேல் ஒரு படி. ஜெர்மனியில் சீசன் வைத்திருப்பவர் அதை வீட்டில் மறந்துவிட்டு வந்தால், சில நாளுக்குள் கொண்டுபோய்க் காட்டினால் 60 யூரோ அபராதம் 7 யூரோவாகிவிடும். இந்த ஒன்றில் மட்டும் ஆய்வாளர் தம் நடுநிலையைச் சற்றுத் தள்ளிவைக்கிறார். மாதம் தவறாமல் சீசன் எடுத்து, சட்டை மாற்றும்போது பிளாஸ்டிக் உறையைப் பழைய பாக்கெட்டில் விட்டுவிட்டு வந்த காக்களூர் எஸ்டேட் தொழிலாளியும், ஆண்டுக்கணக்கில் தாகத்தோடு தண்ணீர்க் குழாய் தேடியவரும் நம் படிக்கட்டின் கீழ் ஒரே 250ஐக் கட்டுகிறார்கள். சீசன் எடுத்த விவரம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. மறுநாள் வந்து காட்டு என்று ஒரு வரி போட்டால் போதும்.

நம்மவருக்கு உள்ள வழிகள் வேறு. பணத்தைக் கட்டி, ரசீதை வாங்கிவைத்துக்கொண்டு, கோட்ட அலுவலகத்துக்கு எழுதலாம். 139ஐ அழைக்கலாம். ரயில்வேயின் உதவி எண் 139; வண்டியிலிருந்து இறக்கிவிடும் பிரிவும் 139. யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை என்றாலும், எந்த 139 எந்த நேரத்தில் முந்துகிறது என்பது பயணியின் நெட்வொர்க்கைப் பொறுத்தது. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமில்லை. காலம் மட்டும் இருக்க வேண்டும். மதுராவில் வழக்கறிஞர் ஒருவரிடம் 1999இல் கவுண்டரில் 70 ரூபாய் டிக்கெட்டுக்கு 90 வாங்கிவிட்டார்கள். அந்த 20 ரூபாய்க்காக நூற்றுக்கும் மேற்பட்ட முறை விசாரணைக்குப் போய், 2022இல் அவர் வென்றார். 20 ரூபாயை 12 சதவீத வட்டியோடும் 15,000 ரூபாய் இழப்பீட்டோடும் தரச் சொல்லித் தீர்ப்பு. அவர் டிக்கெட் வாங்கியவர் என்பதை மறக்கக் கூடாது. வாங்கியவருக்கே இருபத்திரண்டு ஆண்டு ஆனது என்றால், வாங்காதவர் தம் பேரனை இப்போதே சட்டக் கல்லூரிக்குத் தயார் செய்வது நல்லது.

ஒரு தீர்ப்பு மட்டும் பயணியின் பக்கம் உறுதியாக நிற்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் ரீனா தேவி வழக்கில், டிக்கெட் கிடைக்கவில்லை என்பதாலேயே ஒருவர் முறையான பயணி அல்ல என்று சொல்லிவிட முடியாது என்றது. குடும்பத்தார் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும், அதன்பின் நிரூபிக்க வேண்டிய பாரம் ரயில்வேக்குப் போகும். அது ரயிலிலிருந்து விழுந்து இறந்தவருக்கான இழப்பீட்டு வழக்கு. வாசற்படியில் தொங்கிக்கொண்டு போகிற தடங்களில் இது வேடிக்கையான விஷயமல்ல, தீர்ப்பு நியாயமானது. ஆனாலும் ஆய்வாளர் பதிவு செய்யத்தான் வேண்டும்: “டிக்கெட் எடுத்தேன், தொலைஞ்சுபோச்சு” என்ற வாதத்தை நம்ப ஒரு நீதிமன்றம் இருக்கிறது, அதைச் சொல்பவர் உயிரோடு இருக்கும்போது மட்டும் அது அவருக்குக் கிடைப்பதில்லை.

கடைசியாக ரசீது. வாதங்கள் எல்லாம் ஓய்ந்து, சபை கலைந்து, ஜிபே வேலை செய்யாமல், நண்பரிடம் நூறு கடன் வாங்கி 255 கட்டியானதும் பயணி கையில் ஒரு தாள் வரும். ஓடும் வண்டியில் மாட்டியவராக இருந்தால், அவர் போகிற இடம் வரைக்கும் அதுதான் அவருடைய டிக்கெட். அந்தப் பெட்டியிலேயே மிகுந்த விலை கொடுத்து வாங்கிய டிக்கெட்டும் அதுதான். அதற்குப் பிறகு அவரிடம் ஒரு மாறுதல் தெரியும். இடம் கேட்டு உட்காருவார். அடுத்த ஸ்டேஷனில் ஏறுகிறவர்களை மேலும் கீழும் பார்ப்பார். திருநின்றவூரில் ஏறிய பையன் ஒருவன், “அண்ணே, இன்னிக்கு செக்கிங் இருக்கா?” என்று கிசுகிசுத்தால், “டிக்கெட் எடுத்துட்டு வர வேண்டியதுதானப்பா” என்பார்.